சமாதானத்திற்காக ஏங்கிய போர்வீரர்



இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைப் பற்றி வரலாற்று வகுப்பில் படிக்கும்போது இரண்டு பெயர்களே நம் நினைவில் நிற்கின்றன. ஒருவர் 1649-ஆம் ஆண்டில் தலை வெட்டுண்டு இறந்த மன்னர் முதலாம் சார்லஸ். மற்றவர் அவரை வென்று நாட்டை ஆண்ட ஆலிவர் கிராம்வெல். இவ்விருவருடைய புகழுக்கு இடையே, அந்தப் போரே வரக்கூடாது என்று துடித்து, அந்தப் போரிலேயே உயிர் விட்ட ஒருவரை நாம் மறந்துவிடுகிறோம். அவர் பெயர் லூசியஸ் கேரி. இரண்டாவது ஃபாக்லாந்து பிரபு என்பது அவருடைய பட்டப் பெயர். உயர்குடியில் பிறந்து, நூல்களின் நடுவே வளர்ந்து, பாராளுமன்றத்தில் பேசி, மன்னரின் அமைச்சராக அமர்ந்து, 1643-ஆம் ஆண்டில் போர்க்களத்தில் மடிந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ முப்பத்து மூன்று.

அவருடைய வாழ்க்கையை மட்டும் தனியாகச் சொல்ல இயலாது. அவரைப் பெற்ற தாயும், அவரை மணந்த மனைவியும் இந்தக் கதையில் அவருக்குச் சமமாக நிற்கிறார்கள். ஆகவே மூவரையும் சேர்த்தே பார்ப்போம்.

மெழுகுவர்த்திக்குக் கடன்பட்ட சிறுமி

லூசியஸின் தாய் எலிசபெத். ஆக்ஸ்போர்டு மாவட்டத்தில் பர்ஃபோர்டு என்னும் ஊரில் வாழ்ந்த லாரன்ஸ் டான்ஃபீல்டு என்ற பெரிய வழக்கறிஞரின் ஒரே மகள். டான்ஃபீல்டு பின்னர் உயர்ந்த நீதிபதியாகவும் விளங்கினார். பெண்களுக்குக் கல்வி எதற்கு என்று உலகம் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், எலிசபெத் ஆசிரியர் துணை அதிகமின்றித் தானாகவே பிரெஞ்சு, ஸ்பானியம், இத்தாலியம், இலத்தீன், எபிரேயம் ஆகிய மொழிகளைக் கற்றார். இரவில் படிப்பது உடலுக்குக் கேடு என்று தாய் மெழுகுவர்த்தி தரக்கூடாதென உத்தரவிட்டார். சிறுமியோ பணியாளரிடம் கடன் சொல்லி மெழுகுவர்த்தி வாங்கி இரவெல்லாம் படித்தாள். திருமணமாகும்போது அந்த மெழுகுவர்த்திக் கடன் மட்டும் நூறு பவுன் ஆகியிருந்ததாம்! இதைச் சொல்வது, எலிசபெத்தின் பெண்களில் ஒருவரே பிற்காலத்தில் எழுதிய தாயின் வரலாறு.

அதே வரலாற்றில் இன்னொரு நிகழ்ச்சியும் உண்டு. சூனியம் வைத்துக் கொன்றாள் என்று குற்றம் சாட்டப்பட்ட ஒரு மூதாட்டி நீதிபதியாகிய தந்தையின் முன் நிறுத்தப்பட்டாள். கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் நடுங்கியபடி ஆம், ஆம் என்று ஒப்புக்கொண்டாள். அங்கிருந்த எலிசபெத்துக்கு வயது பத்தளவே இருக்கும். அவள் தந்தையின் காதில் ஒரு யோசனை சொன்னாள். அதன்படி தந்தை, அங்கேயே நலமாக நின்றுகொண்டிருந்த எலிசபெத்தின் மாமாவின் பெயரைச் சொல்லி, அவரையும் சூனியத்தால் கொன்றாயா என்று கேட்டார். ஆம், கொன்றேன் என்றாள் மூதாட்டி! அச்சத்தினால்தான் பொய்யாக ஒப்புக்கொள்கிறாள் என்பது வெட்டவெளிச்சமாயிற்று. அவள் விடுதலை பெற்றாள். அநீதியைக் கண்டு பொறுக்காத உள்ளமும், உண்மையைச் சோதித்தறியும் அறிவும் அந்தத் தாயிடமிருந்தே மகனுக்கு வந்திருக்க வேண்டும்.

எலிசபெத் 1602-ஆம் ஆண்டில் ஹென்றி கேரி என்ற போர்வீரரை மணந்தார். பதினொரு பிள்ளைகளைப் பெற்றார். 1613-இல் அவர் எழுதிய மரியம் என்னும் யூத அரசியின் துன்பியல் நாடகம் அச்சாயிற்று. ஒரு பெண் தானே புனைந்து எழுதி ஆங்கிலத்தில் அச்சேறிய முதல் நாடகம் அதுவே. கணவர் ஹென்றிக்கு 1620-இல் ஸ்காட்லாந்து நாட்டு ஃபாக்லாந்து பிரபு என்ற பட்டம் கிடைத்தது. 1622-இல் அவர் அயர்லாந்தின் அரசப் பிரதிநிதியாக அனுப்பப்பட்டார். டப்ளின் நகரில் எலிசபெத் ஏழைப் பிள்ளைகளைத் திரட்டிக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க ஏற்பாடு செய்தார். அம்முயற்சி நிலைக்கவில்லை, என்றாலும் முயன்றார் என்பதே பெரிது.

கணவரின் செலவுகளுக்காக எலிசபெத் தமக்கென எழுதப்பட்டிருந்த சொத்தை அடமானம் வைக்க இசைந்தார். இதனால் சினமடைந்த அவருடைய தந்தை, ஒரே மகளுக்கு ஒன்றும் வைக்காமல், சொத்தையெல்லாம் பேரன் லூசியஸுக்கு எழுதிவைத்தார்.

இளமையும் திருமணமும்

லூசியஸ் 1610-ஆம் ஆண்டையொட்டி பர்ஃபோர்டில் பிறந்தார். தந்தையுடன் அயர்லாந்து சென்று டப்ளின் திரித்துவக் கல்லூரியில் பயின்றார். பாட்டி 1629-இல் இறந்ததும், பர்ஃபோர்டு மாளிகையும் கிரேட் டியூ என்ற ஊரிலிருந்த வீடும் நிலமும் அவருக்கு உரிமையாயின. இருபது வயதுகூட நிரம்பாத இளைஞர் பெருஞ்செல்வராகிவிட்டார்.

அக்காலத்தில் அவர் சாந்தமே உருவானவர் என்று எண்ணிவிடாதீர்கள். அயர்லாந்துப் படையில் தமக்குக் கிடைத்திருந்த தலைமைப் பதவி வேறொருவருக்குக் கொடுக்கப்பட்டதும், அவரை வாள் சண்டைக்கு அழைத்தார். அதற்காக 1630 ஜனவரியில் இலண்டன் ஃப்ளீட் சிறையில் சில நாள் இருக்க நேர்ந்தது. பின்னாளில் நாம் காணும் பொறுமையும் நிதானமும் பிறவியிலேயே வந்தவை அல்ல. அவர் முயன்று பழகிக்கொண்டவை.

அவருடைய உயிர் நண்பர் ஹென்றி மாரிசன் 1629-இல் இளமையிலேயே இறந்தார். அவர்களுடைய நட்பைப் போற்றிப் புகழ்பெற்ற கவிஞர் பென் ஜான்சன் ஒரு பாடல் இயற்றினார். அந்த நண்பரின் சகோதரி லெட்டிஸ். அவளையே மணப்பது என்று லூசியஸ் உறுதி கொண்டார். பெண்ணுக்குச் சீதனம் இல்லை. செல்வ வீட்டுச் சம்பந்தத்தை எதிர்பார்த்த தந்தை கடுங்கோபம் கொண்டார். லூசியஸ் தந்தையின் முன் பணிந்து, தம் பெயரிலுள்ள சொத்தையெல்லாம் அவருக்கே எழுதித் தருவதாகவும், அவர் கொடுப்பதைக் கொண்டு வாழ்வதாகவும் சொன்னார். தந்தை இணங்கவில்லை. மனமுடைந்த லூசியஸ் மனைவியுடன் ஹாலந்து சென்று படையில் வேலை தேடினார்; கிடைக்கவில்லை. சீதனத்தையே பெண்ணின் எடையாகக் கருதும் பெற்றோர் எந்நாட்டிலும் எக்காலத்திலும் இருந்திருக்கிறார்கள். பெண்ணின் குணத்தையே சீதனமாகக் கண்ட மணமகன்களும் இருந்திருக்கிறார்கள் என்பதை இங்கே குறித்துக்கொள்ளுங்கள்.

நூல் நிலையமே அரண்மனை

ஹாலந்திலிருந்து திரும்பிய லூசியஸ் கிரேட் டியூவில் குடியமர்ந்தார். கிரேக்க மொழியில் தேர்ச்சி பெறும்வரை இலண்டன் நகரைக் கண்ணெடுத்தும் பார்ப்பதில்லை என்று தமக்குத் தாமே விதித்துக்கொண்டார். பட்டினத்துக் கேளிக்கைகள் இளம் பிரபுக்களை இழுத்த காலம் அது. அவரோ கிரேக்கத் தந்தையரின் நூல்களையும் வரலாறுகளையும் படித்துக்கொண்டிருந்தார்.

தந்தை 1633-இல் இறக்கவே, லூசியஸ் ஃபாக்லாந்து பிரபு ஆனார். கிரேட் டியூ வீடு ஆக்ஸ்போர்டுக்கு அருகில் இருந்ததால் பல்கலைக்கழக அறிஞர்கள் அங்கே வந்து தங்கினார்கள். பிற்காலத்தில் கிளாரண்டன் பிரபு என்று பெயர் பெற்ற எட்வர்டு ஹைட், பின்னாளில் கான்டர்பரி பேராயரான கில்பர்ட் ஷெல்டன், இறையியல் அறிஞர் வில்லியம் சில்லிங்வொர்த், கவிஞர் எட்மண்ட் வாலர் ஆகியோர் அந்த நண்பர் கூட்டத்தில் இருந்தார்கள். விருந்தினர் தம் விருப்பம்போல் வருவார்கள், போவார்கள். நூல் நிலையத்தில் தனியே அமர்ந்து படிப்பார்கள். உணவு மேசைக்கு வந்து அமரும்போதுதான் தம் வீட்டில் யார் யார் தங்கியிருக்கிறார்கள் என்பதே வீட்டுத் தலைவருக்குத் தெரியவருமாம். சில்லிங்வொர்த் 1638-இல் வெளியிட்ட பெருநூல் அந்த நூல் நிலையத்தில் உருவானதே.

தோற்றத்தில் ஃபாக்லாந்து கவர்ச்சியுடையவர் அல்லர். குள்ளமான உருவம், இனிமையற்ற குரல். ஆனால் சிறிது நேரம் பேசினால் போதும், கேட்டவர்கள் தோற்றத்தை மறந்தார்கள் என்று ஹைட் எழுதுகிறார். மூர்த்தி சிறிதானாலும் கீர்த்தி பெரிது என்பது நம் பழமொழி அல்லவா? தம் கருத்துக்கு மாறானவர்களிடமும் கோபமின்றி வாதிடுவது அந்த வீட்டின் வழக்கம். சமயத்தின் பெயரால் ஐரோப்பா முழுவதும் இரத்தம் சிந்திய அந்த நூற்றாண்டில் இது அரிய வழக்கம்.

ஒரே குடும்பம், இரண்டு சமயம்

இங்கே நாம் ஒரு வேதனையான பகுதிக்கு வருகிறோம். எலிசபெத் பல ஆண்டுகள் படித்துச் சிந்தித்தபின் 1626-இல் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். இங்கிலாந்தின் சட்டங்கள் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலம். அரசாங்கச் சபையின் கோவில்களுக்குச் செல்ல மறுப்பவர் தண்டம் கட்ட வேண்டும். அயர்லாந்தில் அரசரின் பிரதிநிதியாக இருந்த கணவருக்கு இது பெரிய அவமானமாகப் பட்டது. மனைவிக்குக் கொடுத்துவந்த பணத்தை நிறுத்தினார். பிள்ளைகளைப் பிரித்தார். பணியாளர்களும் விலகினார்கள். அரசப் பெருமாட்டியாக இருந்தவர் சிறு குடிலில், உண்ண உணவுக்கும் தட்டுப்பாடாக வாழ்ந்தார். ஆண்டுக்கு 500 பவுன் கொடுக்கும்படி 1627-இல் அரசரின் ஆலோசனைச் சபை கணவருக்கு ஆணையிட்டது. அவ்வளவு துன்பத்திலும் எலிசபெத் பேனாவைக் கீழே வைக்கவில்லை. பிரெஞ்சுக் கர்தினால் து பெரோன் எழுதிய நூலொன்றை மொழிபெயர்த்து 1630-இல் துவே நகரில் அச்சிட்டார். இங்கிலாந்து வந்து சேர்ந்ததும் பிரதிகளில் பெரும்பாலானவை கைப்பற்றப்பட்டு எரிக்கப்பட்டன. இத்தனைக்கும் பின், கணவர் விபத்தில் கால் முறிந்து மரணப் படுக்கையில் கிடந்தபோது அருகிலிருந்து பணிவிடை செய்தவர் அந்த மனைவியே.

மகன் லூசியஸ் தாயின் சமயத்தை ஏற்கவில்லை. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் இங்கிலாந்துச் சபையின் உறுப்பினராகவே வாழ்ந்து இறந்தார். கத்தோலிக்கக் கொள்கைக்கு எதிராக வாதிட்டு அவர் எழுதிய சிறு நூலொன்று அவர் இறந்தபின் அச்சாயிற்று. இளைய தம்பியர் பேட்ரிக், ஹென்றி இருவரும் கிரேட் டியூவில் அவருடைய பொறுப்பில் வளர்ந்தார்கள். தாய் என்ன செய்தார் தெரியுமா? 1636-இல் தம் ஆட்களை அனுப்பி, பிள்ளைகள் இருவரையும் விடியுமுன் அந்த வீட்டிலிருந்து இரகசியமாக வெளியேற்றி, குதிரையிலும் படகிலும் இலண்டன் சேர்த்து, பிறகு கடல் கடத்தி பிரான்சுக்கு அனுப்பிவிட்டார்! நீதிபதிகள் அவரை அழைத்து விசாரித்தார்கள். சிறைக்கு அனுப்புவதாக அச்சுறுத்தினார்கள். அவரோ தளரவில்லை. அவ்விருவரில் ஹென்றி பின்னாளில் புனித ஆசீர்வாதப்பர் சபையின் துறவியானார்.

எலிசபெத்தின் மகள்கள் நால்வர் அதே சபையின் கன்னியர் ஆனார்கள். ஆங்கிலேயப் பெண்களுக்காக 1623-இல் காம்ப்ரே நகரில் நிறுவப்பட்டிருந்த மடத்தில் அவர்கள் சேர்ந்தார்கள். அந்நகர் இன்று பிரான்சில் உள்ளது. தாயின் வரலாறு எழுதப்பட்டதும் அந்த மடத்தில்தான். பிரெஞ்சுப் புரட்சியின்போது சிறைப்பட்ட அந்த மடத்துக் கன்னியர் 1795-இல் இங்கிலாந்து திரும்பினர். ஸ்டான்புரூக் மடம் என்ற பெயரில் அவர்களுடைய குடும்பம் இன்றும் ஜெபித்துவருகிறது. எலிசபெத் 1639-இல் இறந்தார்.

தாய் ஒரு கரையில், மகன் மறு கரையில். ஆயினும் மனச்சாட்சிக்கு எதிராக எதையும் செய்வதில்லை என்ற உறுதி இருவருக்கும் பொது.

பாராளுமன்றத்தில்

சார்லஸ் மன்னர் 1629 முதல் பதினொரு ஆண்டுகள் பாராளுமன்றத்தைக் கூட்டாமலே ஆண்டார். பணம் வேண்டுமே! பகைவர் அச்சமுள்ள காலத்தில் கடற்கரை ஊர்கள் மட்டும் கொடுத்துவந்த கப்பல் வரியை 1635 முதல் உள்நாட்டு ஊர்கள்மீதும் சுமத்தினார். ஜான் ஹாம்டன் என்ற பிரமுகர் கொடுக்க மறுத்தார். வழக்கு நடந்தது. பன்னிரண்டு நீதிபதிகளில் எழுவர் மன்னர் பக்கம் தீர்ப்பளித்தார்கள்.

1640-இல் பாராளுமன்றம் கூட்டப்பட்டபோது ஃபாக்லாந்து, வைட் தீவிலுள்ள நியூபோர்ட்டின் உறுப்பினரானார். பிரபு எப்படி மக்கள் சபையில் அமரலாம் என்று கேட்பீர்கள். அவருடைய பட்டம் ஸ்காட்லாந்துப் பட்டம். ஆகவே இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையில் அவருக்கு இடமில்லை, மக்கள் சபையில் நிற்கத் தடையுமில்லை. கப்பல் வரிக்குத் துணைபோன நீதிபதிகளை அவர் கடுமையாகத் தாக்கினார். சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே சட்டத்தை விற்றுவிட்டார்கள் என்பது அவருடைய குற்றச்சாட்டு.

ஆனால் அதே சபையில் இன்னொரு காட்சியையும் பாருங்கள். மன்னரின் வலக்கையான ஸ்ட்ராஃபோர்டு பிரபுமீது குற்றம் சாட்ட வேண்டும் என்று சபை கொதித்தது. அயர்லாந்தில் தம் தந்தைக்குப் பின் அதிகாரம் செலுத்திய ஸ்ட்ராஃபோர்டை ஃபாக்லாந்து விரும்பியவர் அல்லர்; அது எல்லாருக்கும் தெரியும். இருந்தும் அவர் எழுந்து, இவ்வளவு பெரிய குற்றச்சாட்டைக் கொண்டுபோகுமுன் ஒரு குழு அமைத்து விவரங்களை ஆராய்வதுதான் சபையின் கண்ணியத்துக்கு ஏற்றது என்று கூறினார். பகைவனுக்கும் நீதி வேண்டும் என்று கேட்பவனே நீதிமான்.

ஆயர்களின் விஷயத்திலும் அவ்வாறே. ஆடம்பரமும் அதிகாரமும் தேடிய இங்கிலாந்துச் சபை ஆயர்களை 1641-இல் அவர் வன்மையாகக் கண்டித்தார். அதற்காக ஆயர் பதவியையே வேரோடு பிடுங்கி எறிய வேண்டும் என்றதும் எதிர்த்தார். குறையைத் திருத்துவது வேறு, மரத்தையே வெட்டுவது வேறு என்பது அவர் கருத்து. மாற்றம் தேவைப்படாத இடத்தில் மாற்றாமலிருப்பதே தேவை என்ற பொருளில் அவர் பெயரால் வழங்கும் ஒரு வாக்கு இன்றும் மேற்கோளாகிறது.

1641 நவம்பரில் மன்னரின் குறைகளையெல்லாம் தொகுத்த பெருங்கண்டன அறிக்கை சபைக்கு வந்தது. நள்ளிரவைத் தாண்டியும் விவாதம் நடந்தது. வாள் உருவும் அளவுக்குச் சினம் மூண்டது. ஃபாக்லாந்து எதிர்த்துப் பேசினார். ஆதரவாக 159 வாக்குகள், எதிராக 148 வாக்குகள். பதினொரு வாக்கு வித்தியாசத்தில் அறிக்கை நிறைவேறியது. சபையை விட்டு வெளியேறும்போது, அந்த அறிக்கை தோற்றிருந்தால் மறுநாளே சொத்தையெல்லாம் விற்றுவிட்டு நாட்டை விட்டே போயிருப்பேன் என்று ஃபாக்லாந்திடம் ஓர் உறுப்பினர் சொன்னாராம். அந்த உறுப்பினர் ஆலிவர் கிராம்வெல்!

மன்னரின் செயலர்

1642 ஜனவரியில் மன்னர் அவரைத் தம் அரசுச் செயலராக நியமித்தார். அவருக்கு விருப்பமில்லை. பதவி ஆசையால் கட்சி மாறினார் என்று உலகம் சொல்லும் என அஞ்சினார். மறுத்தால் மன்னருக்கு நல்லதைச் சொல்ல ஆளே இராது என்று ஹைட் வற்புறுத்தியபின் ஏற்றார். பதவியேற்ற அதே நாட்களில் அதிர்ச்சி காத்திருந்தது. ஜனவரி 4-ஆம் நாள் மன்னர் ஆயுதம் தாங்கியவர்களுடன் மக்கள் சபைக்குள் புகுந்து ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய முயன்றார். புதிய செயலரிடம் ஒரு வார்த்தை கலக்கவில்லை. உறுப்பினர்கள் தப்பிவிட்டார்கள். மன்னரின் மீது மிஞ்சியிருந்த நம்பிக்கையும் போயிற்று.

அந்தப் பதவியில் அவர் இரண்டு காரியங்களைச் செய்ய மறுத்தார். ஒற்றர்களை வைத்துக்கொள்ளமாட்டார். பிறருடைய கடிதங்களைப் பிரித்துப் படிக்கமாட்டார். நண்பன் போல் நடித்து நம்பிக்கையைக் கெடுப்பவன், மனித சமுதாயம் நிற்கும் அடித்தளத்தையே தகர்க்கிறான் என்று கருதினார். அரசியலுக்கு இது உதவுமா என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் மற்றவர் எழுதிய கடிதத்தைத் தொடுவது தவறு என்று நாம் வீட்டிலும் விடுதியிலும் கற்கும் சிறு ஒழுக்கத்தை, போர் மூளும் நேரத்திலும் ஓர் அமைச்சர் விடவில்லை என்பதைக் கவனியுங்கள்.

அவ்வாண்டு ஜூன் மாதம் பாராளுமன்றத்தின் பத்தொன்பது கோரிக்கைகளுக்கு மன்னரின் பதிலை அவரும் கல்பெப்பர் என்பவரும் சேர்ந்து தயாரித்தார்கள். அரசர், பிரபுக்கள், மக்கள் ஆகிய மூவரும் கலந்ததே இங்கிலாந்தின் ஆட்சி, ஒருவர் மிஞ்சினால் மற்றவர் தடுக்க வேண்டும் என்று அது கூறியது. மன்னரின் பெயரால் வெளிவந்த இந்தக் கருத்து பின்வந்த அரசியல் சிந்தனையில் ஆழமாக வேரூன்றியது.

போரின் நடுவே

1642 ஆகஸ்ட் 22-ஆம் நாள் நாட்டிங்காமில் மன்னர் போர்க்கொடி உயர்த்தினார். அடுத்த மாதமே சமாதானச் செய்தியை எடுத்துக்கொண்டு பாராளுமன்றத்திற்குச் சென்றவர் ஃபாக்லாந்துதான். பயனில்லை. அக்டோபர் 23-ஆம் நாள் எட்ஜ்ஹில் என்ற இடத்தில் முதல் பெரும்போர். அங்கே அவர், ஆயுதத்தை எறிந்துவிட்டு ஓடியவர்களை வெட்டவிடாமல் குறுக்கே நின்று காப்பாற்றினார். 1643-இன் தொடக்கத்தில் ஆக்ஸ்போர்டில் நடந்த சமாதானப் பேச்சும் முறிந்தது.

அன்று முதல் அவர் முகத்தில் சிரிப்பு மறைந்தது. நேர்த்தியாக உடுத்துபவர் உடையைக் கவனிக்கவில்லை. இரவில் உறக்கமில்லை. நண்பர்களின் நடுவே நெடுநேரம் மௌனமாக இருந்துவிட்டு, பெருமூச்சுடன் சமாதானம் என்ற சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்வாராம். இருதலைக் கொள்ளி எறும்பின் நிலை அவருடையது. பாராளுமன்றம் வென்றால் திருச்சபையும் சட்டமும் என்னாகுமோ என்ற பயம். மன்னர் வென்றாலோ பழைய கொடுங்கோல் திரும்புமோ என்ற பயம்.

சமாதானம் பேசுகிறவன் கோழை என்று அவருடைய கட்சியிலேயே சிலர் முணுமுணுத்தார்கள். குளாஸ்டர் நகர முற்றுகையின்போது அவர் வேண்டுமென்றே ஆபத்தான அகழிகளுக்குச் சென்றார். நண்பர்கள் கடிந்தபோது, நான் சமாதானத்தை நாடுவது பயத்தினால் அல்ல என்பதை எல்லாரும் காண வேண்டும் என்ற கருத்தில் பதில் சொன்னார்.

1643 செப்டம்பர் 20-ஆம் நாள் நியூபரி போர். அன்று காலை சலவை செய்த தூய சட்டை கேட்டு அணிந்தார். ஏன் என்று கேட்டதற்கு, நான் வீழ்ந்தால் அழுக்குத் துணியில் என்னைக் காண வேண்டாம் என்றார். நாட்டின் துயரத்தைக் கண்டு சலித்துவிட்டேன், மாலைக்குள் இதிலிருந்து விடுபடுவேன் என்றும் கூறினாராம். செயலருக்குப் போர் புரியும் கடமை இல்லை. ஆனாலும் ஜான் பைரனின் குதிரைப்படையில் தொண்டராகச் சேர்ந்தார். வேலிகளால் சூழப்பட்ட களம். ஒரு வேலியில் குறுகிய வாயில். அதன் மறுபுறம் எதிரிகளின் துப்பாக்கிகள். பைரனின் குதிரை சுடப்பட்டது. வாயிலை அகலப்படுத்தச் சொல்லி பைரன் உத்தரவிடுகையிலேயே ஃபாக்லாந்து குதிரையைத் தட்டி அந்த இடைவெளிக்குள் பாய்ந்தார். குதிரையும் அவரும் அங்கேயே வீழ்ந்தனர். மறுநாள்தான் உடல் கண்டெடுக்கப்பட்டது. கிரேட் டியூ கோவிலில் அடக்கம் செய்தார்கள். கல்லறை எது என்று காட்ட அடையாளம் இல்லை.

அவர் மரணத்தைத் தேடிச் சென்றாரா, கடமையின் வேகத்தில் சென்றாரா? வரலாற்று ஆசிரியர்கள் ஒத்த கருத்துடையவர்கள் அல்லர். உயிர் இறைவன் தந்தது. துயரம் எவ்வளவு பெரிதானாலும் அதை வீசி எறிய நமக்கு உரிமையில்லை. ஆகவே அவருடைய துணிவை மதிப்போம். அவருடைய நம்பிக்கையிழப்புக்காக இரங்குவோம். சமாதானத்தை விரும்பிய அவர் உயிரோடு இருந்திருந்தால், பின்வந்த ஆண்டுகளில் இரு கட்சியாருக்கும் இடையே பேச ஒரு நாவாவது இருந்திருக்கும்.

வாழ்ந்து காட்டிய மனைவி

கணவர் இறந்த செய்தி வந்தபோது லெட்டிஸுக்கு முப்பது வயதளவே. சிறு பிள்ளைகள் கையில். சுற்றிலும் போர். அவர் துயரத்தில் மூழ்கிப்போகவில்லை. ஜெபத்திலும் ஏழைகளுக்கு உதவுவதிலும் நாட்களைச் செலவிட்டார். அவருடைய உள்ளத்தில் ஒரு பெரிய திட்டம் உருவாயிற்று. ஆண்களுக்குக் கல்லூரிகள் இருப்பதுபோல் இளம் பெண்கள் கல்வி பெறவும், விதவைகள் அமைதியாக வாழவும் இல்லங்கள் நிறுவ வேண்டும் என்பதே அது. போரின் குழப்பத்தில் அது நிறைவேறவில்லை. 1647-இன் தொடக்கத்தில் அவரும் இறந்தார். அவருடைய ஆன்ம குருவான ஜான் டங்கன் எழுதிய வரலாற்றால் இந்தத் திட்டத்தை நாம் அறிகிறோம்.

மாணவியரே, ஒரே வீட்டைச் சேர்ந்த இருவருக்கு ஒரே துயரம் வந்தது. கணவர் வேலியின் இடைவெளிக்குள் குதிரையைச் செலுத்தினார். மனைவி, பெண் பிள்ளைகளுக்குப் பள்ளி கட்டக் கனவு கண்டார். இரண்டிலும் துணிவு உண்டு. ஆனால் உலகத்துக்கு நாளைக்குத் தேவைப்பட்டது எது என்பதை நீங்களே சொல்லுங்கள்.

பெயரும் பாடமும்

நியூபரியில் அவர் நினைவாக 1878-இல் கல்தூண் ஒன்று எழுப்பப்பட்டது. தென் அட்லாண்டிக் கடலில் உள்ள ஃபாக்லாந்து தீவுகளின் பெயரும் இந்தக் குடும்பத்தினுடையதே. 1690-இல் ஜான் ஸ்ட்ராங் என்ற மாலுமி அங்குள்ள நீரிணைக்கு, லூசியஸின் பேரனான ஐந்தாவது ஃபாக்லாந்து பிரபுவின் பெயரை இட்டார். பிறகு அது தீவுகளுக்கும் ஆயிற்று. 1982-இல் அத்தீவுகளுக்காகப் பிரிட்டனும் அர்ஜென்டினாவும் போரிட்டதில் ஏறத்தாழ 900 உயிர்கள் மாண்டன. சமாதானத்துக்காக ஏங்கியவரின் பட்டப் பெயர் இன்னொரு போரின் பெயராகவும் ஆகிவிட்டது.

ஃபாக்லாந்தை மதில்மேல் பூனை என்று சிலர் இகழ்ந்தார்கள். அது பொருந்தாது. மதில்மேல் பூனை, எந்தப் பக்கம் பால் கிடைக்கும் என்று பார்த்துக் குதிக்கும். இவரோ எந்தப் பக்கம் போனாலும் தமக்கு இழப்பே என்று தெரிந்து, தவறு எங்கே கண்டாலும் அங்கே அதைச் சுட்டிக்காட்டினார். மன்னர் சட்டத்தை மீறியபோது மன்னரை எதிர்த்தார். பாராளுமன்றம் எல்லை மீறியபோது பாராளுமன்றத்தை எதிர்த்தார். இரு தரப்பிலும் நண்பர்களை இழந்தார். வகுப்பறையில் இரண்டு தோழியர் சண்டையிட்டுக்கொள்ளும்போது நடுவில் நிற்பவளுக்கும் இதே கதிதான் நேர்கிறது. இருவரும் அவளைச் சந்தேகிப்பார்கள். அப்போதும் அவள் ஒருத்தியின் இரகசியத்தை மற்றவளிடம் சொல்லாமல், இருவருக்கும் நீதியாக நடந்து, பொறுமையோடு காத்திருந்தால், அவளே சமாதானத்தின் மகள். ஃபாக்லாந்தால் முடியாமற்போன அந்தக் காத்திருப்பை நாம் கற்றுக்கொள்வோம்.

சிந்தனைக்கு

1. தமக்குப் பிடிக்காத ஸ்ட்ராஃபோர்டு பிரபுவுக்கும் முறையான விசாரணை வேண்டும் என்று ஃபாக்லாந்து ஏன் கேட்டார்?

2. எலிசபெத்தும் லூசியஸும் வெவ்வேறு சமயக் கருத்து உடையவர்கள். அவர்களிடம் பொதுவாக இருந்த நற்பண்பு யாது?

3. மன்னரின் செயலராக அவர் செய்ய மறுத்த இரண்டு காரியங்கள் எவை? அன்றாட வாழ்வில் அவற்றுக்கு ஒப்பானவை எவை?

4. லெட்டிஸ் கண்ட கனவு, இன்று நீங்கள் படிக்கும் பள்ளியில் எவ்வாறு நனவாகியுள்ளது? உங்கள் பெற்றோருடன் பேசி ஒரு பக்கம் எழுதுக.